ரெயின் செக்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பொங்கலன்று மதியம் சாப்பிட வருமாறு எதிர்வீட்டு அம்மையாரை அழைத்தேன். அவர் புன்னகையுடன், ‘ஐ வில் ஹேவ் டு டேக் எ ரெயின் செக்’ என்றார். நான் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். தெருவில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது; மழைக்கான அறிகுறியே இல்லை. மழை வராது, பனி மட்டும்தான், தைரியமாக வாருங்கள் என்று பதில் சொன்னேன். அவர் ஒரு கணம் தயங்கி, பிறகு சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பொங்கலன்று அவருக்கெனத் தனியாக எடுத்துவைத்த சர்க்கரைப் பொங்கலையும் உளுந்து வடையையும் பார்த்துக்கொண்டு பிற்பகல் மூன்று மணி வரை நாங்கள் காத்திருந்தோம்.

அதற்குப் பிறகும் இந்தச் சொல் என்னை இரண்டு முறை கவிழ்த்தது. ஒருமுறை அலுவலகத்தில் மேலாளரிடம் தவறான இடத்தில் சொன்னேன். இன்னொரு முறை கடைக்காரர் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததையே துவைக்கும் இயந்திரத்தில் போட்டு நாசமாக்கினேன். விளையாட்டு மைதானம், கடை, பேச்சு ஆகிய மூன்று இடங்களிலும் இச்சொல் புழங்குகிறது. மூன்றிலும் அதற்கு விதிகள் உண்டு. யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்திக் கீழே தருகிறேன்.

1. முதலில் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ரெயின் செக் என்பது அடிப்படையில் ஒரு சீட்டு. பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், கையில் இருக்கும் நுழைவுச்சீட்டின் துண்டைக் காட்டி வேறொரு நாள் உள்ளே வரலாம் என்ற ஏற்பாட்டிலிருந்து வந்த சொல் அது. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதில் வரும் ‘செக்’ வங்கிக் காசோலையும் இல்லை, ‘சரிபார்’ என்ற வினையும் இல்லை. நம்மூர்த் துணிக்கடை வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுப்பார்களே, அந்த வகையைச் சேர்ந்தது. டோக்கன் கையில் இருக்கும்வரை பை உங்களுடையது; ரெயின் செக் இருக்கும்வரை உங்களுக்கு வரவேண்டிய ஆட்டமோ, சலுகை விலையோ, விருந்தோ உங்கள் பெயரில் பாக்கி நிற்கிறது. ஆகவே ஒருவர் உங்கள் அழைப்புக்கு ‘ரெயின் செக்’ கேட்டால், ‘இன்று முடியாது, ஆனால் இந்த அழைப்பை எனக்காக நிறுத்தி வையுங்கள், பிறகு வந்து பெற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்வதாகப் பொருள். மழையைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. கொளுத்தும் வெயிலிலும் சொல்லலாம்.

எழுதும்போது கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நாம் பள்ளியில் காசோலைக்கு ‘க்யூ’ எழுத்து வரும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் படித்தவர்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறோம்; அது தவறு. சி, எச், ஈ, சி, கே என்ற ஐந்தெழுத்துதான். ‘ரெயின்’, ‘செக்’ இரண்டையும் பிரித்தும் எழுதுகிறார்கள், சேர்த்தும் எழுதுகிறார்கள்.

2. அழைப்பு உங்களுக்கு வந்தால், சொல்லும் முறை

அழைப்பை ஏற்க முடியாத நிலையில், உண்மையிலேயே இன்னொரு நாள் போக விரும்பினால் மட்டுமே இச்சொல்லைப் பயன்படுத்துங்கள். நன்றி, முடியாமை, ரெயின் செக், மாற்று நாள் என்ற நான்கும் அதே வரிசையில் வரவேண்டும். எடுத்துக்காட்டாக: ‘தேங்க்ஸ் ஃபார் ஆஸ்கிங். ஐ கான்ட் மேக் இட் திஸ் ஃப்ரைடே. கேன் ஐ டேக் எ ரெயின் செக் ஆன் டின்னர்? ஹவ் அபவுட் நெக்ஸ்ட் சாட்டர்டே?’ அழைத்ததற்கு நன்றி, இந்த வெள்ளிக்கிழமை வர இயலவில்லை, விருந்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா, அடுத்த சனிக்கிழமை எப்படி என்று பொருள்.

எதைத் தள்ளிவைக்கிறோம் என்பதற்கு முன்னால் ‘ஆன்’ வரும். ‘ஃபார்’ போட்டால் பேச்சில் புரியாமல் போகாது, ஆனால் காதில் இடறும். ‘லெட்ஸ் ரெயின் செக்’ என்று வினைச்சொல்லாக்கிக் கைப்பேசியில் எழுதுபவர்களும் உண்டு. நண்பர்களுக்குள் அது நடக்கும். புதிதாக வந்தவர் ‘டேக் எ ரெயின் செக்’ என்ற வடிவத்திலேயே நின்றுகொள்வது நல்லது.

நான்கில் பலரும் விட்டுவிடுவது கடைசியில் வரும் மாற்று நாள். அழைத்தவர் தம் பங்கைச் செய்துவிட்டார். சீட்டு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. சீட்டு வைத்திருப்பவர்தான் மறுபடி வந்து கேட்கவேண்டும் என்பது இங்குள்ளவர்களுக்கு இயல்பாகத் தெரியும். நம் வழக்கத்திலோ அழைத்தவர் மீண்டும் வற்புறுத்தி அழைக்கவேண்டும். இரண்டாம் முறை கூப்பிடாவிட்டால் முதல் முறையும் மனதாரக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொள்வோம். இந்த இரண்டு வழக்கங்களுக்கும் நடுவில் பல நல்ல நட்புகள் தொடங்காமலே போயிருக்கின்றன. அலுவலகத்தில் ஒருவர் தம் வீட்டு இரவு விருந்துக்கு அழைத்தபோது நான் ரெயின் செக் வாங்கிக்கொண்டு, அவர் மறுபடி அழைப்பார் என்று பல மாதங்கள் இருந்தேன். எனக்கு விருப்பமில்லை என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தார்.

நேரமும் முக்கியம். வீட்டு விருந்தானால், முடியாது என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். அழைத்தவர் கடைக்குப் போவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேரவேண்டும். முதலில் வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு பின்வாங்குவதானால், வெறும் ரெயின் செக் போதாது. அது வாக்கை மாற்றுவது. முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதன் பிறகே இன்னொரு நாளைப் பற்றிப் பேசவேண்டும். உணவகத்தில் முன்பணம் கட்டியிருந்தாலோ, உங்களுக்காக நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தாலோ, உங்கள் பங்குப் பணத்தை நீங்களாகவே கொடுத்துவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

போக விருப்பமே இல்லாத இடத்துக்கு இச்சொல்லைச் செலவழிக்க வேண்டாம். ‘பார்க்கலாம்’ என்று நாம் ஊரில் சொல்லும் சொல்லுக்கு மறுப்பு என்றே எல்லோரும் பொருள் கொள்வார்கள். இங்கே அதை ரெயின் செக் என்று மொழிபெயர்த்துவிட்டால், நேர்மையான ஒருவர் அடுத்த வாரமே நாள்காட்டியைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். அப்போது தப்பிக்க வழியிருக்காது. ‘தேங்க் யூ, பட் ஐ வில் ஹேவ் டு பாஸ்’ என்று நன்றியுடன் மறுத்துவிடுவதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

3. நீங்கள் அழைத்து, மற்றவர் ரெயின் செக் கேட்டால்

முதலில், ‘ஆஃப் கோர்ஸ், எனி டைம்’ என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். ஏன் வரமுடியவில்லை என்று துருவக்கூடாது. உடம்பு சரியில்லையா, பிள்ளைகளுக்குப் பரீட்சையா, எங்கள் சாப்பாடு பிடிக்காதா என்று அக்கறையுடன் நாம் கேட்கும் கேள்விகள் இங்கே விசாரணையாகவே கேட்கும்.

அவர் தாமாகவே ஒரு நாளைக் குறிப்பிட்டால் அது உண்மையான சீட்டு. குறிப்பிடாவிட்டால் அது உண்மையாகவும் இருக்கலாம், நாகரிகமான மறுப்பாகவும் இருக்கலாம். குரலை வைத்து மட்டும் கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை முடியவில்லை. நான் செய்வது இதுதான். இரண்டு மூன்று வாரம் விட்டு, முதல் அழைப்பைவிடச் சிறிய ஒன்றுக்கு ஒரே ஒருமுறை அழைப்பேன். இலை போட்டுப் பரிமாறும் விருந்துக்கு வரத் தயங்கியவர் அரைமணி நேரக் காப்பிக்கு வந்துவிடுவார். அதற்கும் நாள் குறிப்பிடாத ரெயின் செக் வந்தால் அத்துடன் நிறுத்திவிடவேண்டும். பகையும் வேண்டாம், மூன்றாம் அழைப்பும் வேண்டாம்.

எதிர்வீட்டு அம்மையார் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காப்பிக்கு வந்தார். டபராவைத் தட்டு என்று நினைத்து அதன்மேல் டம்ளரை வைத்துத் தூக்கிக்கொண்டே குடித்தார். பொங்கலன்று நான் சொன்ன பதிலைத் தம் மகளிடம் சொல்லிச் சிரித்ததையும் அப்போதுதான் சொன்னார். அந்த நாளில் தமக்கு மருத்துவமனையில் ஒரு பரிசோதனை இருந்ததாகவும், அதை வாசலில் நின்று சொல்ல மனமில்லை என்றும் பிறகு தெரிவித்தார்.

4. சொல்லக்கூடாத இடங்கள்

மறுபடி நிகழாத எதற்கும் ரெயின் செக் கிடையாது. திருமணம், இரங்கல் கூட்டம், பட்டமளிப்பு, குழந்தைக்கான வளைகாப்பு போன்ற விருந்து ஆகியவற்றுக்கு வர இயலாது என்றால் நேராக இயலாது என்று எழுதி, வாழ்த்தோ அனுதாபமோ சொல்லவேண்டும். இரங்கல் கூட்டத்துக்கு இச்சொல்லைப் பயன்படுத்தினால் என்னவாகும் என்று யோசித்துப் பார்த்தாலே போதும்.

மேலதிகாரி அழைக்கும் கூட்டத்துக்கும் வேண்டாம். எங்கள் மேலாளர் ஒரு புதன்கிழமை, அரைமணி நேரம் பேசலாமா என்று கேட்டபோது, புதிதாகக் கற்ற சொல்லைப் பயன்படுத்தும் உற்சாகத்தில் ‘ஐ வில் டேக் எ ரெயின் செக்’ என்றேன். அவர் புருவம் லேசாக உயர்ந்தது. ‘ஓகே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது என் வேலை பற்றிய பேச்சு என்றும், அதை நான் விருப்பத்துக்கு உட்பட்ட விருந்தழைப்பு போல் கையாண்டுவிட்டேன் என்றும் பக்கத்து மேசை நண்பர் சொல்லித்தான் புரிந்தது. அலுவலகத்தில் கூட்டத்தை மாற்றவேண்டுமானால் ‘ரீஷெட்யூல்’ என்ற சொல் இருக்கிறது. மதிய உணவுக்கும், வேலை முடிந்தபின் போகும் காப்பிக்கும் ரெயின் செக் பொருந்தும்.

பணமோ சட்டமோ சம்பந்தப்பட்ட இடங்களில் இச்சொல் உங்களைக் காப்பாற்றாது. மருத்துவர், பல் மருத்துவர் அலுவலகங்களில் முன்பதிவை ரத்து செய்வதற்குக் கெடு வைத்திருப்பார்கள். பல இடங்களில் அது 24 மணி நேரம். அதைத் தாண்டினால் வராததற்குக் கட்டணம் போடுவார்கள்; பெரும்பாலும் காப்பீடு அதை ஏற்காது, கைக்காசுதான். முதல் வருகையில் உங்களிடம் கையெழுத்து வாங்கும் காகிதக் கற்றையில் அந்தக் கட்டணம் எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். குடியேற்றத் துறையின் கைரேகைப் பதிவுக்கு நாள் கொடுத்திருந்தால், மாற்றவேண்டுமானால் அந்த நாளுக்கு முன்பே தக்க காரணத்துடன் முறைப்படி விண்ணப்பிக்கவேண்டும். சொல்லாமல் போகாவிட்டால் உங்கள் விண்ணப்பத்தையே கைவிட்டதாகக் கருதி நிராகரிக்க இடமுண்டு.

5. கடையில் ரெயின் செக் வாங்குவது

இங்கே ரெயின் செக் உண்மையிலேயே காகிதம். வாராந்திர விளம்பரத் தாளில் சலுகை விலை போட்டிருக்கும் பொருள், நீங்கள் போகும்போது அலமாரியில் தீர்ந்துபோயிருந்தால், சரக்கு வந்தபின் அதே சலுகை விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கடை எழுதித் தரும் சீட்டு. ‘சரக்கு இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று ரேஷன் கடையில் கேட்டுப் பழகிய நமக்கு, அந்த வாக்கியத்தைக் கையெழுத்துடன் காகிதத்தில் வாங்கலாம் என்பது உடனே தோன்றாது. நான் வெகுநாள் வெறும் அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் வாக்குவாதம் நடக்கிறது. விளம்பரம் செய்த பொருளை உணவுப்பொருள் கடைகள் இருப்பில் வைத்திருக்கவேண்டும் என்று, வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1971-இல் ஒரு விதி கொண்டுவந்து, 1989-இல் அதைத் தளர்த்தித் திருத்தியது. திருத்திய விதிப்படி, நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தேவைக்கு ஏற்ற அளவு சரக்கை உரிய நேரத்தில் வரவழைத்திருந்தாலோ, ரெயின் செக் கொடுத்தாலோ, அதே மதிப்புள்ள வேறொரு பொருளை அதே அளவு சலுகையில் கொடுத்தாலோ, சலுகைக்குக் குறையாத வேறு ஈடு கொடுத்தாலோ கடை தன் கடமையைச் செய்ததாகக் கொள்ளப்படும். குறைந்த அளவே உண்டு என்று விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தாலும் கடைமீது குற்றமில்லை. அதாவது, கட்டாயம் ரெயின் செக்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க இந்த விதி உங்களுக்கு உரிமை தரவில்லை. சில மாநிலங்களில் இதைவிடக் கடுமையான தனி விதிகள் உண்டு. துணி, மின்னணுப் பொருள் விற்கும் கடைகளுக்கு மேற்சொன்ன விதி பொருந்தாது. மாநில விதி எதுவும் இல்லாவிட்டால், அங்கே பெரும்பாலும் கடையின் கொள்கைதான் சட்டம்.

இனி செய்முறை. சலுகை வாரம் எந்தக் கிழமை தொடங்கி எந்தக் கிழமை முடிகிறது என்று விளம்பரத் தாளின் மேல் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். கடைக்குக் கடை மாறும். சீட்டை அந்த வாரம் முடிவதற்குள் கேட்டு வாங்கவேண்டும். சலுகை முடிந்த மறுநாள் போய்க் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. கடைசி நாள் இரவு போவதும் உசிதமன்று. சேவை மேசையைக் கடைக்கு முன்பாகவே மூடிவிடும் இடங்கள் உண்டு.

முதலில் அலமாரியில் இருக்கும் விலைச்சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர், அளவு, பிராண்டு, சலுகை விலை எல்லாம் அந்த ஒரு படத்தில் வந்துவிடும். பிறகு அங்கே அடுக்கிக்கொண்டிருக்கும் ஊழியரிடம் உள்ளே சரக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பாதி நேரம் உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போய், ‘தி யோகர்ட் ஆன் சேல் இஸ் அவுட் ஆஃப் ஸ்டாக். குட் ஐ கெட் எ ரெயின் செக்?’ என்று கேளுங்கள். கடையில் ‘டேக்’ வராது, ‘கெட்’ தான் வரும், கொடுப்பவர் கடைக்காரர். கட்டணம் எதுவும் கிடையாது. அடையாள அட்டை கேட்பதில்லை. கடையின் உறுப்பினர் அட்டைக்கு மட்டும் உரிய விலையாக இருந்தால் அந்த அட்டையை, அல்லது அதில் பதிந்த தொலைபேசி எண்ணைக் கேட்பார்கள்.

சீட்டு கைக்கு வந்ததும் மேசையை விட்டு நகராமல் படித்துப் பாருங்கள். பொருளின் பெயர், அளவு, சலுகை விலை, எத்தனை எண்ணிக்கை, கொடுத்த தேதி, காலாவதித் தேதி, ஊழியரின் கையெழுத்து அல்லது முதலெழுத்து ஆகியவை இருக்கவேண்டும். எனக்குக் கிடைத்த முதல் சீட்டில் வெறுமனே ‘யோகர்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. 32 அவுன்ஸ் டப்பாவுக்குத்தான் சலுகை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது பில் போட்ட பெண் அதைச் சின்னக் கோப்பைத் தயிர் என்று எடுத்துக்கொண்டார், மேலாளர் வந்தார், எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அளவு எழுதாத சீட்டால் எனக்குக் கிடைத்த லாபம் இரண்டு டாலரும் பின்னால் நின்றவர்களின் பெருமூச்சும்தான். எண்ணிக்கையும் அப்படியே. ஒரு குடும்பத்துக்கு இத்தனை என்று வரம்பு இருந்தால் அந்த அளவுக்குத்தான் எழுதுவார்கள். வரம்பு இல்லையென்றால் உங்களுக்குத் தேவையானதை நீங்களே சொல்லி எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒன்று என்று போட்டுவிடுவார்கள்.

எவற்றுக்குச் சீட்டு கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு போனால் வீண் நடை மிச்சம். ‘கையிருப்பு உள்ளவரை’ என்று போட்ட பொருட்கள், கழித்துக்கட்டும் விலைக்கு வந்தவை, பண்டிகைக் காலச் சரக்கு ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தரமாட்டார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற வகைக்குக் கடைக்குக் கடை வழக்கம் மாறும். ரெயின் செக் வழக்கத்தையே அடியோடு நிறுத்திவிட்ட கடைகளும் இருக்கின்றன. அங்கே கேட்டால் மரியாதையாக மறுப்பார்கள், அதே விலையில் வேறு பிராண்டு தருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் தருவார்கள்.

6. சீட்டை மாற்றும் நாள்

பல கடைகளில் சீட்டுக்கு 30 நாள் ஆயுள். சில இடங்களில் கூடுதலாக இருக்கும். சரக்கு வந்துவிட்டது என்று யாரும் தொலைபேசியில் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த வாரமே போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கடைசி நாளில் போய் மறுபடி சரக்கு இல்லாவிட்டால் நீட்டிப்பது அவர்கள் விருப்பம்.

பணம் கட்டும் இடத்தில், பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன்பே சீட்டைக் கொடுத்துவிடுங்கள். தானே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரம் காகிதச் சீட்டைப் புரிந்துகொள்ளாது. ஆள் இருக்கும் வரிசைக்குப் போங்கள். நான்கு எழுதிய சீட்டுக்கு இரண்டு மட்டும் வாங்கினால், மீதி இரண்டுக்குப் புதுச் சீட்டு எழுதித் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மீதி போனது போனதுதான். கூப்பனும் சேர்த்துப் பயன்படுத்துவதானால், ரெயின் செக்கால் கூப்பனின் ஆயுள் நீளாது என்பதை மறக்கவேண்டாம். தயாரிப்பாளர் கூப்பனின் தேதி தனி, கடைச்சீட்டின் தேதி தனி. கைப்பேசிச் செயலியில் இருக்கும் டிஜிட்டல் கூப்பனால் மட்டும் கிடைத்த விலைக்கு ரெயின் செக் தருவார்களா என்பது கடையைப் பொறுத்தது.

அசல் சீட்டு வேண்டும். படம் காட்டினால் ஏற்பதில்லை. நான் மூன்றாவது சீட்டை ஜீன்ஸ் பையில் வைத்து, அதை அப்படியே துவைக்கும் இயந்திரத்தில் போட்டேன். வெளியே வந்தபோது அது வெள்ளை உருண்டையாக இருந்தது. அன்றிலிருந்து கார் சாவி மாட்டும் ஆணியிலேயே ஒரு கிளிப்பை மாட்டி, அதில் சீட்டுகளைச் செருகிவைக்கிறேன்.

7. மைதானத்தில்

பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. ஆட்டம் தொடங்கும் முன்பே மழையால் தள்ளிவைக்கப்பட்டால், உங்கள் சீட்டு பெரும்பாலும் புதிய நாளுக்குத் தானாகவே செல்லும். கைப்பேசியில் இருக்கும் சீட்டானால் தேதியும் அதிலேயே மாறிவிடும். பணம் திரும்பி வருவது அரிது. ஆட்டம் தொடங்கிப் பாதியில் மழை வந்தால் கணக்கு வேறு. பேஸ்பாலில் இரு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்; முழு ஆட்டத்துக்கு ஒன்பது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டால், அல்லது உள்ளூர் அணி முன்னணியில் இருக்கும்போது நாலரை இன்னிங்ஸ் முடிந்துவிட்டால், அது முறையான ஆட்டமாகிவிடுகிறது; அதற்குப் பிறகு மழையால் நிறுத்தப்பட்டால் பொதுவாக உங்களுக்கு ரெயின் செக் கிடையாது. ஒன்பது இன்னிங்ஸுக்குக் காசு கொடுத்தேன் என்று வாதாடிப் பயனில்லை. அதற்கு முன்பே நின்றுபோனால் என்ன கிடைக்கும் என்பது ஒவ்வொரு அணியின் சீட்டு விதியிலும் எழுதியிருக்கும். சீட்டை வாங்கும்போதே படித்துக்கொள்ளுங்கள்.

மழை தொடங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஊழியர்கள் ஓடிவந்து ஆடுகளத்தின் மேல் பெரிய தார்ப்பாயை இழுத்துப் போர்த்துவார்கள். அது தாமதம்தான், ரத்து இல்லை. ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம் கழித்தும் ஆட்டம் தொடரும். நீங்கள் பொறுமையிழந்து கிளம்பியபின் ஆட்டம் தொடர்ந்து முடிந்தால் உங்கள் சீட்டு செலவாகிவிட்டது. வண்டி நிறுத்தும் சீட்டுக்குத் தனி விதி இருக்கும், அதையும் பாருங்கள். மறுவிற்பனைத் தளத்தில் வாங்கிய சீட்டானால், ஆட்டம் தள்ளிப்போனதற்காகப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். ஆட்டம் அடியோடு ரத்தானால்தான் பேச்சு. வேறு ஊரிலிருந்து ஒருநாள் பயணமாக வந்து பார்ப்பவர்கள் இதை யோசித்துச் சீட்டு வாங்கவேண்டும்.

ஹூஸ்டனிலோ டல்லாஸ் பக்கத்து ஆர்லிங்டனிலோ இருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். அந்த மைதானங்களுக்கு மூடக்கூடிய கூரை உண்டு. மழைக்காக ஆட்டம் நிற்பதில்லை.

8. சென்னையிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளரிடம் பேசுபவர்களுக்கு

இங்கே வராமலே இச்சொல்லிடம் மாட்டிக்கொள்பவர்கள் இவர்கள்தான். இரவு அழைப்பின் நடுவில் வாடிக்கையாளர், ‘லெட்ஸ் டேக் எ ரெயின் செக் ஆன் தி ரிப்போர்ட்டிங் மாட்யூல்’ என்பார். மென்பொருளில் அறிக்கை தயாரிக்கும் பகுதியைப் பற்றிய பேச்சு அது. ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிய குழுவையும் எனக்குத் தெரியும். அடியோடு வேண்டாம் என்றுவிட்டார் என்று ஆட்களை வேறு வேலைக்கு மாற்றிய குழுவையும் தெரியும். இரண்டும் தவறு. இப்போது வேண்டாம், பட்டியலில் இருக்கட்டும் என்பதுதான் அவர் சொன்னது. ஒரே வாக்கியம், அதற்கு மேல் அவர் எதையும் உறுதி செய்யவில்லை.

அழைப்பு முடிவதற்குள், ‘ஷுட் வி ரிவிசிட் இட் இன் மார்ச், ஆர் வில் யூ லெட் அஸ் நோ?’ என்று கேளுங்கள். மார்ச்சில் மறுபடி பேசலாமா, அல்லது நீங்களே சொல்கிறீர்களா என்று பொருள். பதில் எதுவாக இருந்தாலும் கூட்டக் குறிப்பில் பொருள், பேசவேண்டிய நாள், மறுபடி எழுப்பவேண்டியவர் பெயர் என்ற மூன்றையும் எழுதி அன்றிரவே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அந்த வேலைக்காக ஒதுக்கியிருந்த மணி நேரங்களுக்குக் கட்டணம் கேட்கலாமா, கூடாதா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடவேண்டும்; மாதக் கடைசியில் பில் அனுப்பும்போது கேட்டால், அந்த அழைப்பில் என்ன பேசினோம் என்பது இரு பக்கத்திலும் யாருக்கும் நினைவில் இருக்காது.